பந்து கையில் இல்லாத ஆட்டக்காரன்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் கொழும்பில் எங்கள் கல்லூரியைப் பட்டாளத்தார் எடுத்துக்கொண்டார்கள். யுத்தம் முடிந்து திருப்பித் தந்தபோது, பின்வளவில் இரண்டு கம்பங்களையும் அவற்றின் உச்சியில் பலகையோடு சேர்ந்த இரும்பு வளையங்களையும் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கூடைப்பந்து எங்களிடம் வந்து சேர்ந்தது இப்படித்தான். கிரிக்கெட் அணியில் இடம் கிடைக்காதவர்களும், உதைபந்தாட்டத்தில் முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்களும், என்னைப் போல உயரமாக இருப்பதைத் தவிர வேறெந்தத் தகுதியும் இல்லாதவர்களுமாக ஒரு கூட்டம் அந்த வளவில் சேர்ந்தது.

நான் வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் மருதானைக்கு வந்து படித்தவன். அணியில் எல்லாரும் என்னை ‘வெள்ளவத்தை’ என்றே கூப்பிட்டார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே வரும் ஒருவன் இருந்தான். தகப்பன் துறைமுகத்தில் வேலை. அவன் ‘கொட்டாஞ்சேனை’ ஆனான். உயரமில்லை, வேகமுமில்லை. அவன் எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்ததைப் பார்த்தவர் குறைவு. பயிற்சி தந்த மாஸ்டர் அவனைக் காவல் ஆட்டக்காரனாகப் பின்னால் நிறுத்தினார். வேறு எங்கு நிறுத்துவதென்று அவருக்குத் தெரிந்திருக்காது.

என் கதை வேறு. வளையத்துக்குக் கீழே எனக்குப் பந்து கிடைத்தால் அது உள்ளே போகாமல் திரும்புவது அபூர்வம். சின்ன வகுப்புப் பிள்ளைகள் என் பின்னால் வந்தார்கள். ஆனால் என்னிடம் ஒரு விசித்திரம் இருந்தது. பந்தை எதிரணிக்காரன் கையில் கொடுத்துவிடுவேன். எனக்காகத் தூரத்திலிருந்து எறியப்படும் பந்து தோளில் வந்து இடித்த பிறகுதான் கையைத் தூக்குவேன். மாஸ்டர், “பகற்கனவு காணாதே” என்று சத்தம் போடுவார். நானும் என் கவனக்குறைவுதான் காரணம் என்று நம்பியிருந்தேன்.

ஒரு நாள் பயிற்சி முடிந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டு நின்றபோது கொட்டாஞ்சேனை பக்கத்தில் வந்தான்.

“மச்சான், மணி என்ன?”

“என்னட்டை மணிக்கூடு இல்லையடா.”

“உன்னோடத கேக்கல. அந்தா, மேல இருக்கிறதப் பார்த்துச் சொல்லு.”

கல்லூரிக் கட்டடத்தின் நெற்றியில் இருந்த பெரிய மணிக்கூட்டைக் காட்டினான். வெள்ளையாய் ஒரு வட்டம் எனக்குத் தெரிந்தது.

“இவ்வளவு தூரத்திலை முள்ளு ஆருக்குத் தெரியும்?” என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் தெரியும்,” என்றான் அவன். சிரிக்கவில்லை.

அன்றுவரை உலகம் எல்லாருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று நினைத்திருந்தேன். கொஞ்ச தூரத்துக்கு அப்பால் மனிதர்களுக்கு முகம் இருக்காது, நடையை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும் என்பது எனக்கு இயல்பாக இருந்தது. குழாயடியில் நின்று நான் பயந்துபோனேன். கல்லூரிகளுக்கிடையிலான போட்டியின் இறுதி ஆட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“மாஸ்டருக்குச் சொல்லிப்போடாதை. என்னை நிப்பாட்டிப்போடுவார்.”

“சொல்ல மாட்டேன். ஆனா ஃபைனல் முடிஞ்ச உடனே நீ வீட்டுல சொல்லணும். இல்லாட்டி நான் வந்து சொல்லுவேன்.”

அடுத்த நாள் பயிற்சியிலிருந்து அவன் பேசத் தொடங்கினான். அதற்கு முன் அவன் குரலையே நாங்கள் அதிகம் கேட்டதில்லை. இப்போது என் பின்னாலிருந்து ஓயாமல் வந்தது. “வலது!” “பந்து வருது, கையத் தூக்கு!” “பின்னால ஆள்!” “குடுக்காத, அவன் நம்ம ஆள் இல்ல!” குரல் சொன்ன இடத்தில் கையை வைத்தால் பந்து வந்து உட்கார்ந்தது. மாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். என் பகற்கனவு தெளிந்துவிட்டது என்று மற்ற ஆசிரியர்களிடமும் சொன்னார்.

இறுதி ஆட்டம் எதிர்க் கல்லூரியின் மைதானத்தில் நடந்தது. அவர்களிடம் ஒரு நெட்டையன் இருந்தான். அந்தப் பருவத்தில் அவனைத் தடுத்தவர் இல்லை. அவனைக் கவனிக்கும் வேலை கொட்டாஞ்சேனைக்கு. நெட்டையனின் நெஞ்சுக்குத்தான் இவன் தலை வந்தது. ஆனாலும் அவன் போக நினைத்த இடத்திலெல்லாம் இவன் முன்கூட்டியே நின்றான். நெட்டையன் வந்து மோதுவான், இவன் விழுவான், எழும்புவான், மறுபடி அங்கேயே நிற்பான். சில தடவை விசில் இவனுக்கு எதிராகவும் ஊதியது. குற்றங்கள் கூடினால் வெளியேற வேண்டியதுதான்.

இடைவேளையில் எல்லாரும் தோடம்பழச் சுளை சப்பிக்கொண்டிருக்க, அவன் மற்ற மூன்று பேரையும் ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய் ஏதோ கதைத்தான். ஆட்டத்தைப் பற்றி என்று நினைத்தேன்.

இரண்டாம் பாதி முடியச் சற்று முன்னர், புள்ளிகள் சமமாக இருந்த வேளையில், அவனை வெளியேற்றும் குற்றத்துக்கான விசில் ஊதியது. அவன் கையைத் தூக்கி ஒப்புக்கொண்டு வெளியே போய் வாங்கில் உட்கார்ந்தான். வெளியே இருப்பவர் உள்ளே ஆடுபவருக்குச் சொல்லிக் கொடுப்பது அப்போது விதிக்கு மாறு. குரல் நின்றுவிட்டது. மங்கலான நிறங்கள் என்னைச் சுற்றி ஓடின. தெரியாத ஊரின் சந்தியில் தனியாக இறக்கிவிட்டது போல நின்றேன்.

அப்போதுதான் இடப்பக்கமிருந்து வேறொரு குரல் வந்தது. “வெள்ளவத்தை! இடது! கையத் தூக்கு!” அது மருதானையில் பிடவைக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பையன். பயிற்சியில் வாயே திறக்காதவன். கையைத் தூக்கினேன். பந்து வந்து உட்கார்ந்தது. “திரும்பு! போடு!” என்று வலப்பக்கத்திலிருந்து இன்னொருவன். போட்டேன். வலை இல்லாத வளையம், ஆகையால் உள்ளே விழுந்ததா என்று சத்தத்தை வைத்து அறிய முடியவில்லை. பக்கத்தில் நின்றவன் என்னைக் கட்டிப்பிடித்தபோதுதான் தெரிந்தது.

வென்றோம். என்னைத் தோளில் தூக்கினார்கள். மேலே இருந்தபடி அவனைத் தேடினேன், வாங்கில் இருந்த ஆட்களில் அவன் எவன் என்று எனக்குத் தெரியவில்லை.

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வெள்ளவத்தைக்கு வந்துவிட்டான். வெளுத்து மடிப்புக் கலையாத காற்சட்டை. அம்மா சாப்பாடு போட்டார். சொதியை இரண்டாந்தரம் வாங்கிய பிறகு, கையைக் கழுவாமலே சொன்னான்.

“அம்மா, இவனுக்குத் தூரம் தெரியுதில்ல. பந்து தெரியாமத்தான் இவ்வளவு நாளும் விளையாடினான்.”

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஏன் தம்பி எங்களுக்குச் சொல்லேல்லை?”

“இவன் சொல்லித்தானப்பா எனக்கே தெரியும்.”

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அவனுடைய தட்டில் இன்னும் சோறு போட்டார். “நீர் சொல்லாட்டி எங்களுக்கு விளங்கியே இராது, தம்பி,” என்றார். அவன் வேண்டாமென்று சொல்லத் தெரியாமல் அதையும் சாப்பிட்டான்.

அந்த வாரமே கண்ணாடி வந்தது. கண் வைத்தியர் விளையாட்டைக் கண்டிப்பாக நிறுத்தச் சொன்னார். அக்காலத்துக் கண்ணாடி, உடைந்தால் கண் போய்விடும். எனக்கு அழுகை வந்தது உண்மை. ஆனால் அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்குப் போய் வேலியோரம் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் கொட்டாஞ்சேனை ஆடுவதை முதன்முதலாகக் கண்டேன்.

அவன் கையில் பந்து தங்கவே இல்லை. வந்த மறுகணம் நல்ல இடத்தில் நிற்பவனிடம் போய்விடும். மருதானைப் பையன் களைத்து இடுப்பில் கை வைத்ததும், அவன் தடுக்க வேண்டிய எதிராளியையும் தானே சேர்த்துப் பார்த்துக்கொண்டான். புதிதாக வந்த பையன் தவறு விட்டால், மாஸ்டர் வாயைத் திறக்குமுன் இவன் அவன் முதுகில் தட்டிவிட்டு ஓடினான். கூட்டம் முழுவதும் பந்தின் பின்னால் கண்ணை ஓட்டியது. நான் மட்டும் பந்தை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஒருவனுக்குத்தான் அவன் அப்படி என்று நினைத்திருந்தேன். அங்கே நின்ற நாலு பேருக்கும் நாலு விதமாக அதையே செய்துகொண்டிருந்தான்.

ஆட்டம் முடிந்து அவனிடம் போனேன். “இண்டைக்குத்தான்ரா நீ விளையாடுறதைப் பாத்தனான்.”

“எப்படி?”

“சோக்கா இருந்தது.”

“போடா, ரெண்டு தரம் எறிஞ்சேன், ரெண்டும் பலகையில கூடப் படல,” என்று சிரித்தான்.

சில வருடங்களின் பின் கொட்டாஞ்சேனையில் அவனுடைய கலியாணம். அணி முழுவதும் போயிருந்தோம். விருந்தில் மணப்பெண்ணைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதை சொன்னோம். என் கண்ணாடிக் கதையை நான் சொன்னேன். தன் தாய் இறந்த வாரம் இவன் ஒவ்வொரு மாலையும் வந்து தன்னோடு சும்மா பந்து தட்டியதை மருதானைக்காரன் சொன்னான். அது எங்கள் யாருக்கும் தெரியாது. மணப்பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப இவர் பந்து ஒண்டும் போடவே இல்லையா?” என்றாள்.

அவன் போட்ட ஒரு பந்தாவது எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவன் வெட்கத்தோடு கேக்குத் தட்டை எங்கள் பக்கம் தள்ளி, “சாப்பிடுங்கடா,” என்றான்.