நாலாவதாக உட்கார்ந்த நாய்

நாயைப் படம் எடுப்பதில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எனக்கு ஒரு பெயர் உண்டு. யார் வீட்டு நாய் குட்டி போட்டாலும் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் ஓடி வருவார்கள். நான் பெரிய வித்தை எதுவும் செய்வதில்லை. தரையில் குந்தி, நாயின் கண் உயரத்துக்குப் போனைப் பிடிப்பேன். கறுப்பு நாயென்றால் கடும் வெயிலில் எடுக்க மாட்டேன், முகம் கரிக்கட்டையாகிவிடும். பனி மூடிய காலை வெளிச்சம்தான் அதற்குச் சரி. பிறகு, அந்த நாய்க்குத் தினமும் சோறு வைக்கிறவர் யாரோ, அவரை என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கச் சொல்வேன். அவ்வளவுதான்.

இதையெல்லாம் நான் ஒரே காலையில் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு ஏழு வயது. நூறு வரை பிழையில்லாமல் எண்ணியதற்கு டீச்சரிடம் கொப்பியில் நட்சத்திரம் வாங்கியிருந்த நேரம்.

எங்கள் தேயிலைத் தோட்டம் டிக்கோயாவுக்கு மேலே. அந்த வியாழக்கிழமை அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக இருந்தார். இரண்டு வருஷம். இரண்டு தீபாவளி கழிந்தால் வந்துவிடுவேன் என்று கணக்குச் சொல்லியிருந்தார். இரண்டுதானே என்று நானும் பெரிய மனது பண்ணிச் சம்மதித்திருந்தேன். கொண்டுபோக ஒரு குடும்பப் படம் வேண்டும் என்பதைத் தவிர அம்மா வேறெதையும் கேட்கவில்லை. பாஸ்போட்டுக்கு எடுத்ததைத் தவிர எங்கள் வீட்டில் படம் என்று எதுவும் கிடையாது.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதலாளியின் காமிராவைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு மலையேறி வந்தார். ரோலில் ஐந்து படம்தான் மிச்சம். பத்து மணிக்குள் காமிராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கழுவிய படத்தை வியாழக்கிழமை ரயிலடியில் அம்மா கையில் தருவதாகப் பேச்சு.

எங்களோடு அத்தையும் இருந்தார், அப்பாவின் அக்கா. நான் பிறப்பதற்கு முன்பே அவருடைய புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தை நெற்றியில் திருநீறு மட்டும்தான் இருக்கும். வீட்டில் நல்ல காரியம் என்றால் அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டார். சமைப்பது அவருக்கு அவ்வளவு பிடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் பெஞ்சைப் போட்டு அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்து, நடுவில் என்னைச் சொருகினார் மாமா. காமிராவைக் கண்ணில் வைத்த நேரம் உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது.

“ஏய் தம்பி, நில்லு நில்லு! மூணு பேரா வச்சு எடுக்காத. மூணு பேரு நின்னா ஒருத்தரு பிரிஞ்சிருவாங்க.”

பிரியப்போவதால்தான் படமே எடுக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவின் முகம் மட்டும் வாடிப்போனது.

“பக்கத்து காம்பராவுல யாரையாவது கூப்புடவா?” என்றார் அப்பா.

“நா அங்கிட்டுப் போயி ஆசையா எடுத்துப் பாக்கையில அடுத்த வீட்டு மொகம் எதுக்குங்க?”

மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். வாழை மரத்தடியில் எங்கள் ஜிம்மி காது சொறிந்துகொண்டிருந்தது. கறுப்பு நாய், மார்பில் மட்டும் கையகலத்துக்கு வெள்ளை.

“இந்தா இருக்காருல்ல நாலாவது ஆளு. நாயும் ஒரு உசுருதானே?”

உள்ளேயிருந்து, “வைரவரு வாகனம். பரவால்ல, ஒக்கார வையி” என்று உத்தரவு வந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அம்மா போவதுகூட மறந்துபோயிற்று.

முதல் படத்தில் ஜிம்மி எழும்பி அம்மாவின் முகத்தை நக்கியது. இரண்டாவதில் ஒரு கோழி குறுக்கே போக, காமிராவுக்கு வாலைக் காட்டியது. மூன்றாவதுக்கு நான் அதன் காதைப் பிடித்துத் திருப்பினேன். அது வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது.

“வெளிநாட்டுக்காரங்க பாத்தா இதுதான் வீட்டுக்காரருன்னு நெனைப்பாங்க” என்று மாமா சொன்னதும் அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை.

“ரெண்டுதான் இருக்கு தம்பி” என்றார்.

மாமா ஈரத் தரையில் மண்டியிட்டார். பனி இன்னும் விலகவில்லை. வெயில் வந்தால் கறுப்பு முகம் விழாது, அதற்குள் எடுக்க வேண்டும் என்று முனகினார். விசிலடித்தார், விரல் சொடுக்கினார். ஜிம்மி அவரைச் சட்டை செய்யவில்லை.

“இதுக்கு யாரு சோறு வைக்கிறது?”

“அத்தை!” என்று நான் கத்தினேன்.

“மதினி, கொஞ்சம் எனக்குப் பின்னால வந்து நில்லுங்க.”

“நா எதுக்குப்பா முன்னுக்கு? நல்ல காரியத்துக்குப் போற படம்.”

“படத்துல விழ மாட்டீங்க மதினி. பின்னாலதானே.”

அத்தை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, சோறு வைக்கும் தகரத் தட்டோடு, சுவர் ஓரமாகவே நடந்து மாமாவுக்குப் பின்னால் வந்து நின்றார். தட்டில் விரலால் ஒரு தட்டு. “டேய், இங்க பாருடா.” அவ்வளவுதான். ஜிம்மியின் இரண்டு காதும் நிமிர்ந்தன, வாய் மூடியது, கண் விளக்கேற்றியதுபோல ஆனது. மாமா அமுக்கினார்.

மிச்சம் ஒன்று. “மதினி, இதுல ஒங்கள ஒண்ணு எடுத்துர்றேன்” என்றார் மாமா.

“ஜிம்மிய! ஜிம்மிய மட்டும்!” என்று நான் காலை உதைத்து அழுதேன்.

“என்னைய எதுக்குத் தம்பி? புள்ள ஆசப்படுது, நாயவே எடு” என்று சொல்லி அத்தை மறுபடியும் தட்டில் தட்டினார். ஐந்தாவது படமும் நன்றாக விழுந்தது.

வியாழக்கிழமை ரயிலடியில் அம்மா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். மாரியம்மன் கோயில் குங்குமப் பொட்டலத்தோடு சேர்த்து மடியில் முடிந்துகொண்டார். இரண்டு தீபாவளி ஆறு தீபாவளியாயிற்று. அத்தனை வருஷமும் எனக்குத் தலை வாரி, சட்டை துவைத்து, காய்ச்சலில் கிடந்தால் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு முதுகில் தூக்கிப்போனது அத்தைதான். அம்மன் புண்ணியத்தில் அம்மா நல்லபடியாகத் திரும்பி வந்தார். ஜிம்மி அதற்கு முன்பே போய்விட்டது.

போன வருஷம் அத்தையும் காலமானார். கருமாதிக்கு மாலை போட ஒரு படம் தேடினோம். பெட்டி, அலுமாரி எல்லாம் கொட்டிப் பார்த்தாயிற்று. ஜிம்மியின் படம் பளிச்சென்று கிடைத்தது. அத்தைக்கு அடையாள அட்டையில் இருந்ததுதான். அதைப் பெரிதாக்கினால் முகம் கலங்கித் தெரிந்தது. கலங்கிய முகத்துக்கே மாலை போட்டோம்.

அன்று அம்மா அந்தக் குடும்பப் படத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். மூலையெல்லாம் தேய்ந்திருந்தது. அப்பாவும் நானும் காமிராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அம்மாவும் ஜிம்மியும் பார்ப்பது காமிராவை அல்ல, அதற்குப் பின்னால், கொஞ்சம் மேலே.

“ஒன்னைய அவங்க கையிலதானே விட்டுட்டுப் போனேன்” என்றார் அம்மா.

நாலாவது ஆளுக்கு நாயைக் கூப்பிட்டோமே. நாலாவது ஆள் அதே வீட்டில், அடுப்படியில்தானே நின்றுகொண்டிருந்தார். அப்பா கூப்பிடவில்லை, அம்மா கூப்பிடவில்லை. அவர்களுக்குக் காரணம் தெரியும். எனக்கு எந்தக் காரணமும் தெரியாது. நூறு வரை எண்ணத் தெரிந்த நான், அன்று நாலு வரை எண்ணவில்லை.