கைகளை நிரப்புகிற சொல்

என் வீட்டுக்காரர் கிறிஸ்தவ சபைகளில் உபதேசியாராக இருந்த ஆறு வருஷத்தில் நான் ஐந்து முறை மூட்டை கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அம்மிக்கல்லை யாருக்காவது கொடுத்துவிட்டு வரவேண்டும். போன இடத்தில் இன்னொன்று தேட வேண்டும். ஐந்தாவதாக வந்த ஊர் வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வந்த இரண்டாவது மாதமே, இனி யார் சொன்னாலும் நகர மாட்டேன் என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வெந்தது. பெண்கள் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்து, என்ன குழம்பு என்று கேட்டு, நன்றாக இல்லை என்றால் இல்லை என்றே சொன்னார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அப்போதுதான் எல்லைத் தகராறு முடிவுக்கு வந்தது. ஆந்திரா தனி மாநிலமாகி, எந்த ஊர் யாருக்கு என்று வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் திருத்தணிப் பக்கம் மதராஸுக்கு, சத்தியவேட்டுப் பக்கம் ஆந்திராவுக்கு என்று பிரித்துவிட்டார்கள். எங்களை யார் கேட்டார்கள்? காலையில் எழுந்தபோது அதே வீடு, அதே கிணறு, ஆனால் நாங்கள் சித்தூர் ஜில்லா.

எங்கள் சபையில் பதினோரு தமிழ் வீடு, ஏழு தெலுங்கு வீடு. சந்தையில் எல்லாரும் இரண்டு பாஷையையும் ஒரே மூச்சில் கலந்து பேசுகிறவர்கள்தான். சபைக் கோயிலில் மட்டும் ஆராதனை தமிழில் நடந்துகொண்டிருந்தது. இப்போது ஆந்திரா ஆகிவிட்டதே, இனி என்ன என்ற பேச்சு கிளம்பியது. அந்தச் சமயம் பார்த்து, சுற்று வட்டாரச் சபைகளுக்கெல்லாம் மேலான தலைமை ஐயரிடமிருந்து கடிதம் வந்தது. உபதேசியாராக இருந்த என் வீட்டுக்காரருக்கு ஐயர் பட்டம், அதாவது போதகர் பட்டம், கொடுக்க அவரே நேரில் வருகிறாராம். தெலுங்கு வீட்டார் மனதார ஏற்றுக்கொள்கிறார்களா என்று அன்றைக்குப் பார்ப்பாராம். ஏற்றுக்கொண்டால் இந்த ஊர், இல்லாவிட்டால் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ் ஊர். படித்து முடித்ததும் கையிலிருந்த முறத்தை விட்டெறிந்தேன். அரிசி முற்றமெல்லாம் சிதறியது. அதை நானே பொறுக்கினேன் என்பது வேறு விஷயம்.

என் வீட்டுக்காரர் திருப்பதிக்குப் போய் ஒரு தெலுங்கு வாசகப் புத்தகம் வாங்கி வந்தார். காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தார். படித்ததைப் பிரசங்கத்தில் சொல்லிப் பார்ப்பார். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெத்தம்மா அங்கேயே திருத்துவாள். தெலுங்கு வீடுகளுக்கெல்லாம் பெரியவள் அவள். வெற்றிலை வாயோடு, விவசாயம் பார்த்து உரமேறிய கையை ஆட்டி, அப்படி இல்லை இப்படி என்பாள். இவரும் மறுபடி சொல்லிவிட்டு மேலே போவார். அவள் ஒரு பேச்சுச் சொன்னால் ஏழு வீடும் கேட்கும். அவள் என்ன நினைக்கிறாள் என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஒருநாள் கிணற்றடியில் என்னிடமே கேட்டாள்: "நான் செத்தா எனக்கு ஜெபம் பண்ற ஆளுக்கு நல்லா தெலுங்கு வரணுமா வேணாவா, நீயே சொல்லு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து ஆற அமர யோசித்தால், அவள் கேட்டதில் என்ன தப்பு என்று எனக்கே தெரியவில்லை.

பட்டத்துக்கு முந்தின ஞாயிறு இவர் பிரசங்கத்தில் ஒரு எபிரெயச் சொல்லை எடுத்தார். வேதப் பள்ளியில் படித்தபோது பத்து எபிரெயச் சொல் கற்றுக்கொண்டார். அந்தப் பத்தையும் உப்புமாவில் கடுகு போடுகிற மாதிரி எல்லாப் பிரசங்கத்திலும் போடுவார். ஆனால் இதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மில்லூயீம். நம் வேதத்தில் பிரதிஷ்டை என்று போட்டிருக்கிறது, ஆனால் எபிரெயர் சொன்னது 'நிரப்புதல்' என்றார். ஒருவனை ஆசாரியனாக்குவதை, அவன் கையை நிரப்புவது என்றுதான் அவர்கள் பேசினார்களாம். முதல் ஆசாரியனைப் பிரதிஷ்டை செய்த நாளில் அவன் இரண்டு உள்ளங்கையிலும் ஆட்டுக் கொழுப்பு, வலது தொடை, அதிரசம், அடை எல்லாவற்றையும் வைத்தார்களாம். அவன் அதை ஏந்திக்கொண்டு கடவுளுக்கு முன்னால் நின்றானாம். அதற்குப் பிறகு அந்தக் கை அவன் சொந்தக் காரியத்துக்கு இல்லை, மற்றவர்கள் வைப்பதைச் சுமப்பதற்குத்தான் என்று இவர் சொன்னார். தமிழில் சொன்னது பத்து நிமிஷம். அதையே தெலுங்கில் சொல்ல இருபது நிமிஷம் ஆனது, பெத்தம்மா பழுது பார்த்துக்கொண்டே வந்ததால்.

பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். மத்தியானமே நாலு பெண்கள் வந்துவிட்டார்கள். "வேதத்துல அதிரசமா கீது?" என்று கேட்டார்கள். எடுத்துக் காட்டினேன். வாசிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டுவிட்டு, ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்த நாள் வந்தது. தலைமை ஐயர் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். என் வீட்டுக்காரர் புது வெள்ளை அங்கியில் முழங்காலில் நின்றார். நான் மூன்று நாள் கஞ்சி போட்டுத் தேய்த்த அங்கி அது. தலையில் கை வைத்து ஜெபம் பண்ணி, ஐயர் என்று அறிவித்தாயிற்று. கடைசி ஆசீர்வாதத்துக்கு எழுந்திருக்கும்போது, முன் வரிசையிலிருந்து ஒருத்தி தட்டோடு நடந்து போனாள். இவருடைய கையை இழுத்து விரித்து, ஏழு அதிரசத்தை அடுக்கினாள். அடுத்தவள் அடை. அதற்கடுத்தவள் ஒரு முழுப் பூசணிக்காய். காலைக் கட்டிய கோழி ஒன்று முழங்கை வளைவில் போய் உட்கார்ந்தது. ஒருவர் வாழையிலையில் சுற்றிய ஆட்டுத் தொடையைக் கொண்டுவந்து, வலது தொடைதான், பார்த்து வெட்டினேன் என்று தலைமை ஐயரிடம் சத்தியம் பண்ணினார். எங்கள் எதிர்வீட்டு விவசாயி எங்கள் மார்க்கம் இல்லை. முந்தின நாள்தான் திருப்பதி மலையில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தவர். அவரும் சந்தனத் தலையோடு உள்ளே வந்து, ஊரே வைக்கும்போது நான் சும்மா இருப்பதா என்று அதிரசத்துக்கு மேலே ஒரு லட்டை வைத்துவிட்டுப் போனார். தலைமை ஐயர் இருமினார். இவருக்கு வேண்டாம் என்று சொல்லக்கூடக் கை இல்லை. அந்த லட்டைப் பிறகு யார் தின்றது என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

எண்ணெய் அங்கிக் கையில் வழிந்தது. வேர்வையைத் துடைக்க முடியாமல், கோழிக்கு வலிக்காமல் நிற்கப் பார்த்தார். பூசணிக்காய் நழுவியபோது தலைமை ஐயரே பாய்ந்து பிடித்து, அதைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கோயிலே சிரித்தது. நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அப்படியொரு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு இல்லை.

அப்புறம்தான் தெலுங்கு வீட்டார் உட்காரும் இடது பக்கம் பார்த்தேன். தமிழ் வீடு பதினொன்றும் வந்து முடித்தாயிற்று. தெலுங்கு வீடு ஏழில் ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் பெத்தம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மடியில் ஒன்றும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைமை ஐயரும் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமே பார்த்தார். போச்சு, இந்த அம்மிக்கல்லையும் யாருக்கோ கொடுக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அவள் எழுந்தாள். நேரே வாசலுக்குப் போய்ச் செருப்புப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. இடுப்பில் எதையோ சுமந்துகொண்டு வந்தாள், வெயிலில் வாடக்கூடாதென்று வெளியே மரத்தடியில் வைத்திருந்தாளாம். ஓலைக்கூடையில் மண்ணோடு ஓர் ஒட்டு மாங்கன்று. இவருக்கு முன்னால் போய் நின்றாள். ஏற இறங்கப் பார்த்தாள். வைக்க இடம் இல்லை என்று தெலுங்கில் முணுமுணுத்தாள். பிறகு திரும்பி, சுவர் ஓரம் நின்ற என்னிடம் வந்தாள்.

"அய்யகாரு கை நெறஞ்சி பூட்ச்சி. உன் கை காலியாத்தானே கீது, புடி" என்று இரண்டு கையையும் இழுத்துக் கூடையை வைத்தாள். ஈரமண் கனத்தது. சேலையெல்லாம் சேறு. அவள் பின்னாலேயே ஆறு வீட்டுப் பெண்களும் தட்டும் முறமுமாக எழுந்து வந்துகொண்டிருந்தார்கள். நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியாமல் நின்றேன். பெத்தம்மா என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள், என்னால் துடைத்துக்கொள்ள முடியாதே.

"இது காய்க்க அஞ்சு வருசம் ஆவும். மொதல் காய உன் கையால பறிச்சிக் குடு" என்றாள்.

அந்த ஊரில் நாங்கள் இருபத்தோரு வருஷம் இருந்தோம்.