முன்சக்கரம் தள்ளி நின்ற வண்டி

பாய்லர் பட்டறையில் வெல்டராக இருந்த அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் காட்டுப்பாதையில் சைக்கிள்தான். போன வருடம் ஒரு செங்குத்தான இறக்கத்தில் பழைய சைக்கிள் தலைகுப்புறத் தூக்கியடித்து, தோள்பட்டை எலும்பு முறிந்தது. எலும்பு கூடியதும் புது வண்டி வாங்கக் கிளம்பிவிட்டாள்.

துணைக்கு வந்த கணவன், கடையில் பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்த அலுமினிய சைக்கிளைக் காட்டினான். "மெத்தையில உக்காந்த மாதிரி இருக்குமாம்."

"மெத்தை வீட்டுலயே இருக்கு. பின்னாடி ஸ்பிரிங் இருந்தா மேட்டுல மிதிக்கிற பலத்தை அது தின்னுடும். எனக்கு மேடு ஏறவும் இறங்கவும் ஒரே வண்டி வேணும்."

மூலையில் ஒரு ஸ்டீல் வண்டி நின்றது. முன்பக்கம் மட்டும்தான் ஸ்பிரிங். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் நன்றாகச் சாய்ந்து, சக்கரம் ஹேண்டில்பாருக்கு வெகு முன்னால் தள்ளி நின்றது. அவள் குனிந்து வெல்டிங்கை விரலால் தடவினாள். சீராக இருந்தது.

"வெயிட்டு கொஞ்சம் கூட, மேடம்," என்றார் கடைக்காரர்.

"இருக்கட்டும். ஸ்டீல் வளைஞ்சு குடுக்கும். விரிசல் விட்டாலும் நானே பத்த வச்சுக்குவேன்."

கடைக்குப் பின்னால் இருந்த கல் சரிவில் ஓட்டிப் பார்த்தாள். பாதி இறக்கத்தில் பழைய பயம் தோளை இறுக்கியது. ஆனால் முன்னால் தள்ளி நின்ற சக்கரம் கல்லில் மோதியும் வண்டி கவிழவில்லை. நிதானமாக உருண்டு இறங்கியது. அப்படியே திரும்பி மேலே மிதித்து வந்தாள்.

"பில் போடச் சொல்லவா?" என்றான் கணவன்.

"சொல்லுங்க. அதுக்குள்ள நான் இன்னொரு வாட்டி இறங்கிட்டு வரேன்."