கடற்கரைக்கு இறுக்கிப் பின்னிய தலைகள்

தலை பின்னுறது லேசான தொழில்னு நெனைக்கிறவங்க, ஞாயித்துக்கிழமை கடல்ல குளிச்சிட்டு வந்த தலை ஒண்ண திங்கக்கிழமை காலைல சீவிப் பாக்கணும். சீப்பு உள்ள போகும், வெளிய வராது. பாகூர்ல சின்னதா ஒரு பியூட்டி பார்லர் வச்சு, பத்து வருசமா நின்னுக்கிட்டே பிழைக்கிறவ நான். என்னை மாதிரி நாள் பூரா அடுத்தவங்க தலையோட மல்லுக்கட்டுறவங்களுக்கும், அந்தத் தலையச் சுமந்துக்கிட்டு அலையுற பாவப்பட்டவங்களுக்கும்தான் இத எழுதுறேன்.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். என் கூட்டாளி அமுதா இப்ப என் கடையில இல்ல. இடுப்புக்குக் கீழ எறங்குற முடி அவளுக்கு. அது போனதுக்கு நான்தான் காரணம். சிரிக்கிற மாதிரி ஆரம்பிச்சாலும் நான் சொல்ல வந்தது அதத்தான்.

டீச்சர் தலையில கெடச்ச பொருள்

எங்க வாடிக்கைக்காரங்கள்ல ஒரு டீச்சரம்மா. ஒரு ஞாயித்துக்கிழமை மாமியார் வூட்டு ஆளுங்களோட மணப்பட்டு கடற்கரைக்குப் போயிருக்காங்க. தலைய விரிச்சுப் போட்டா போட்டோ நல்லா வரும்னு நாத்தனார் சொல்ல, இவங்களும் விரிச்சுப் போட்டுட்டு தண்ணியில எறங்கிட்டாங்க. மறுநாள் கடை தொறக்கறதுக்கு முன்னாடியே துப்பட்டாவால முக்காடு போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறாங்க. முக்காட்ட எடுத்தா உள்ள குருவிக்கூடு.

நான் ஒரு பக்கம், அமுதா ஒரு பக்கம் உக்காந்தோம். தேங்காயெண்ணெய ஊத்தி, நுனியிலேர்ந்து விரலாலயே பிரிச்சுக்கிட்டு வந்தோம். பள்ளிக்கூடத்துல மொத பீரியடு போச்சு, ரெண்டாவதும் போச்சு. நடுவுல அமுதா கையில இன்னாமோ குத்துச்சு. எடுத்துப் பாத்தா ஒரு தொங்கட்டான். கட்டிப்புடிச்சுப் போட்டோ எடுக்கறப்ப நாத்தனார் காதுலேர்ந்து கழண்டு டீச்சர் தலையில மாட்டியிருக்கு. குடுக்கப் போனா டீச்சரம்மா கையே நீட்டல.

"எங்கிட்ட குடுக்காதம்மா. நேத்துலேர்ந்து நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சிருக்கன்னு வூட்ல சொல்லிக்கிட்டு இருக்கா, அவளே வந்து என் தலையிலேர்ந்து எடுத்துக்கட்டும்."

மொதல்ல நல்ல தண்ணி

அன்னிக்குத்தான் அமுதா ஒரு யோசனை சொன்னா. திங்கக்கிழமை இந்தப் பாடு படறதுக்கு, ஞாயித்துக்கிழமை காலைலயே கடற்கரைக்குப் போய் உக்காந்து, தண்ணியில எறங்கறவங்களுக்கு எறங்கறதுக்கு முன்னாடியே பின்னி விட்டா இன்னா? அவ நரம்பைங்கற மீனவ ஊர்ல பொறந்தவ, அப்பா அண்ணனெல்லாம் கடலுக்குப் போறவங்க. கடல் தண்ணி தலைய இன்னா பண்ணும்னு அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

அவ முறை ரொம்ப சுளுவு. மொதல்ல நல்ல தண்ணியில தலைய நனைக்கணும். முடி நல்ல தண்ணியக் குடிச்சிடுச்சுன்னா உப்புத் தண்ணிய அவ்வளவா குடிக்காது. பாதி காய விட்டு, நுனிக்கு மட்டும் எண்ணெய் தடவி, தளர்வா ஒத்தப் பின்னல் போட்டு, பிடரியில மடிச்சு ரிப்பனால கட்டி, மேல ஒரு பருத்தித் துணியச் சுத்திக்கணும். கரையேறினதும் திரும்ப நல்ல தண்ணியில அலசிடணும். அவ்வளவுதான். அஞ்சு நிமிசத்துல யாரு வேணும்னாலும் வூட்லயே போட்டுக்கலாம். அதுதான் எனக்குப் புடிக்கல. வூட்லயே போட்டுக்கிட்டா அப்புறம் நாம எதுக்கு?

நான் போன்ல வீடியோ பாத்து வேற ஒண்ணு கத்துக்கிட்டிருந்தேன். நெத்தியிலேர்ந்து பிடரி வரைக்கும் மண்டையோட ஒட்டி வரிவரியா பின்னுறது. நாத்து நட்ட வயல் மாதிரி அழகா இருக்கும். அதையும் நான் சொட்டச் சொட்ட ஈரத்துலயே இழுத்துப் பின்னுவேன், அப்பத்தான் ஒரு முடிகூட பிசிறாது. ஈரத்துல முடி நீளும், காஞ்சா சுருங்கும், சுருங்கினா வேரோட இழுக்கும்னு அமுதா மொத நாளே சொன்னா. உனக்குத் தளர்வாத்தான் வரும், அதனாலதான் நீ இப்படி சொல்றன்னு நான் அவ வாய அடைச்சேன். எனக்கு அப்ப அவ்வளவு திமிரு.

மணப்பட்டு கடற்கரையில நாற்காலி போட்ட மொத ஞாயித்துக்கிழமை, புதுச்சேரி டவுன்லேர்ந்து வந்த நாலு பொண்ணுங்களுக்கு வரிப் பின்னல் போட்டு விட்டேன். அலையில புரண்டு எழுந்தும் ஒருத்திக்கும் கலையல. எனக்குப் பெருமை தாங்கல. மத்தியானம் அதுல ஒருத்தி மட்டும் நெத்தியப் புடிச்சுக்கிட்டு எங்க நாற்காலிக்குத் திரும்பி வந்தா.

"அக்கா, பின்னல் சூப்பரா இருக்கு, ஆனா கண்ண மூட முடியல, இன்னிக்கு முழிச்சுக்கிட்டேதான் தூங்கணும் போல."

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அமுதா சிரிக்காம அவள உக்கார வச்சு ஒவ்வொரு வரியா அவுத்து விட்டா.

அமுதாவோட அண்ணி

அமுதாவோட அண்ணி பாகூர்ல மீன் விக்கிறவங்க. சில ஞாயித்துக்கிழமையில கடற்கரைக்கு மீன் எடுக்க வந்துட்டு, போற வழியில நாங்க நாற்காலி போட்டிருந்த சவுக்கு மர நிழல்ல கொஞ்ச நேரம் நிப்பாங்க. அவங்க கொண்டைய நீங்க பாத்திருக்கணும். உச்சியில கூடைக்கு எடம் விட்டுட்டு, பிடரியில தளர்வா ஒரு சுத்து. நாள் முழுக்க உப்புக் காத்துல நடந்தாலும் சாயங்காலம் விரல விட்டா வழுக்கிக்கிட்டுப் போகும். இத்தனைக்கும் எண்ணெயத் தவிர வேற எதுவும் அந்தத் தலை பாத்ததில்ல.

அந்தக் கொண்டையக் கத்துக்கிட்டு, வர்ற பொண்ணுங்களுக்குப் போட்டு விட்டிருந்தா போதும். ஆனா மீன்காரங்க கொண்டைய எந்தப் பொண்ணு போட்டோ எடுத்துப் போடுவான்னு நான் ஏளனமா நெனச்சுட்டேன். ஒருநாள் அவங்க வந்தப்ப அமுதாவுக்கு வரிப் பின்னல் போட்டுக்கிட்டிருந்தேன். காலால நாற்காலிய மிதிச்சுக்கிட்டு, கையால முடிய இழுத்துக்கிட்டு இருந்தேன்னு வச்சுக்கோங்களேன். அண்ணி கொஞ்ச நேரம் பாத்துட்டு கூடையத் தலையில ஏத்திக்கிட்டாங்க.

"இன்னாம்மா, வலை இழுக்குறியா, தலை பின்னுறியா?"

ஆடாத

எங்களுக்கு கடற்கரையில போர்டு கெடையாது, அமுதா தலைதான் போர்டு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்த ஒடனே மொதல்ல அவளுக்கு ஈரத்துலயே பின்னி, வர்றவங்க கண்ணுல படற மாதிரி ரோட்டுக்கு முதுகு காட்டி உக்கார வச்சிடுவேன். வெயிலும் காத்தும் அடிக்க அடிக்க பின்னல் அவ தலையிலயே காயும். அதோட விட்டேனா? கடைக்கு வர்றவங்களும் பாக்கட்டும்னு புதன்கிழமை வரைக்கும் அவுக்க விட மாட்டேன். இப்படியே ரெண்டு வருசம் கிட்ட ஓடிடுச்சு.

வலிக்குதுன்னு அவ சொல்லாம இல்ல. நெத்தி ஓரத்துல பொடிப் பொடியா கொப்புளம் வந்ததையும் காட்டுனா. ஆடாத, போட்டோ எடுக்கறன்னுதான் நான் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். எடுத்து ஒடனே ஸ்டேட்டஸ்ல வைக்கணும் எனக்கு. முன்னாடி முடி கொறைய ஆரம்பிச்சதும் என் கண்ணுலதான் மொதல்ல பட்டுச்சு. கவனிக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன். கவனிச்சுட்டு நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணு, பின்னல ஒரு விரக்கடை பின்னாடி தள்ளி ஆரம்பிச்சேன். அடுத்த சில மாசத்துல இன்னொரு விரக்கடை.

ஒருநாள் ரொம்ப முனகுனா. மீன் கூடை தூக்குன பரம்பரை, இதுக்குப் போய் அழுவுறியேடின்னு கேலி பண்ணேன். அத நெனச்சா இப்பவும் நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்கு. அவ கோவப்படல.

"கூடைய எறக்கி வச்சா வலி போயிடும் கலா, இத எறக்கி வைக்க நீ விட மாட்டங்குறியே."

தங்கச்சி கல்யாணம்

நரம்பையில அமுதாவோட தங்கச்சிக்குக் கல்யாணம். பொண்ணுக்குத் தலை அலங்காரம் என் பொறுப்பு. ஜடை வச்சு, பூ வச்சு, அமர்க்களமா பண்ணியிருந்தேன். அமுதா மட்டும் காலைலேர்ந்து முந்தானைய தலையில போட்டுக்கிட்டே திரிஞ்சா. வெயில்னு சொன்னா. பந்தலுக்குள்ள ஏதுங்க வெயில்?

குடும்பத்தோட போட்டோ எடுக்கக் கூப்பிட்டாங்க. எல்லாப் பொம்பளைங்களுக்கும் நான்தான் பூ வச்சு விட்டேன். அமுதா மாட்டன்னா. அக்கா பூ வைக்காம பக்கத்துல நிக்கக் கூடாதுன்னு தங்கச்சிக்காரி புடிவாதம் புடிக்க, நான் அவ முந்தானைய எறக்கி மல்லிச் சரத்த வச்சேன். ஹேர்பின் நிக்கவே இல்ல. நெத்தியோரம் ரெண்டு பொட்டுலயும் முடியே இல்லாம தோல் மின்னுச்சு. அங்கெல்லாம் கண் மைய ஈஷி மறைச்சிருக்கா. என் விரலெல்லாம் கறுப்பு. வாரம் தவறாம பாத்த தலைதான், ஆனா அத்தனை பேர் மத்தியில, அத்தனை வெளிச்சத்துல பாத்தப்பதான் நான் இன்னா பண்ணி வச்சிருக்கேன்னு எனக்கே ஒறைச்சுது.

சுத்தி நின்ன சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா கிட்ட வந்துட்டாங்க. இன்னாடி ஆச்சு, அவ்வளவு முடி எங்கடி போச்சுன்னு ஆளாளுக்குக் கேக்குறாங்க. இவதான்னு ஒரு வார்த்தை அவ சொன்னா போதும், அந்த ஊர்ல மட்டுமில்ல, சுத்துப்பட்டுல எங்கயும் ஒருத்தியும் என் முன்னாடி தலையக் காட்ட மாட்டா. அமுதா என்னைப் பாக்கவே இல்ல. முந்தானைய மறுபடியும் இழுத்துப் போட்டுக்கிட்டு சாதாரணமா சொன்னா.

"போன வருசம் டைபாய்டு வந்துச்சுல்ல, அதுல கொட்டிடுச்சு, கலாதான் இருக்கறத வச்சு சமாளிச்சு விடுறா."

வில்லியனூர் கடை

அவளுக்கு டைபாய்டு வந்ததே இல்ல. அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம் அவ கடைக்கு வரவும் இல்ல. ஒரு வாரம் கழிச்சு அண்ணி வந்து அவ சீப்பு கத்தரியெல்லாம் எடுத்துக்கிட்டுப் போனாங்க. தோல் டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனதாவும், இழுத்து இழுத்து வேரே செத்துப் போச்சு, முன்பக்கம் இனிமே மொளைக்கறது கஷ்டம்னு அவர் சொன்னதாவும் அண்ணிதான் சொன்னாங்க. சண்டை போடுவாங்கன்னு எதிர்பாத்தேன். போட்டிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

கடற்கரை நாற்காலிய மடிச்சு வச்சிட்டேன். கடைக்கு வர்றவங்களுக்கு இப்ப நல்ல தண்ணி, தளர்வான பின்னல், மேல ஒரு துணின்னு அமுதா சொன்னதத்தான் சொல்லித் தர்றேன். வூட்லயே போட்டுக்கோங்கன்னுதான் அனுப்புறேன். நீங்களும் அப்படியே போட்டுக்கோங்க. யாராவது இழுத்துப் பின்னி வலிச்சுதுன்னா எழுந்து வந்துடுங்க, அழகு போனாப் போவுது.

அமுதா வில்லியனூர்ல ஒரு கடையில வேலைக்குச் சேந்திருக்கான்னு கேள்விப்பட்டு மாசக்கணக்கா தைரியம் வராம இருந்தேன். போன மாசம்தான் பஸ் ஏறினேன். கழுத்து வரைக்கும் கத்தரிச்சிருந்தா. பக்கவாட்டு முடிய எடுத்து நெத்தி மேல விழுற மாதிரி விட்டிருந்தா. அடையாளமே தெரியல. பள்ளிக்கூடத்துல கடற்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போறாங்கன்னு வந்திருந்த ஒரு பொண்ணுக்குத் தளர்வா பின்னிக்கிட்டிருந்தா. என்னைப் பாத்து தலைய ஆட்டிட்டு வேலையத் தொடர்ந்தா. பின்னி முடிச்சுட்டு, தலையத் திருப்பிப் பாரு, எங்கயாச்சும் இழுக்குதான்னு அந்தப் பொண்ணக் கேட்டா. இல்லன்னதுக்கப்புறம்தான் அனுப்புனா.

பஸ்ல ஒத்திகை பாத்துக்கிட்டு வந்ததெல்லாம் எனக்கு மறந்து போச்சு. முடி கொறையுறது எனக்குத் தெரியும், தெரிஞ்சுக்கிட்டேதான் ஒரு விரக்கடை தள்ளித் தள்ளிப் பின்னுனேன், என்னை மன்னிச்சுடுன்னு சொல்லி அங்கேயே அழுதுட்டேன். அவ தரையில கெடந்த முடியக் கூட்டி வாரிக் குப்பைக் கூடையில போட்டா. எனக்கு ஒரு டீ சொன்னா. கெளம்பறப்ப வாசல் வரைக்கும் வந்தா.

"முடி போனதுக்கு நான் உன் மேல கோவமா இல்ல கலா. ரெண்டு வருசமா வாராவாரம் போட்டோ எடுத்தியே, போன்ல எல்லாம் இருக்கும். எடுத்துப் பாரு, ஒண்ணுலயாச்சும் என் மூஞ்சி இருக்குதா?"

பாகூர் வர்ற வரைக்கும் போனத் தள்ளித் தள்ளிப் பாத்தேன், பின்னல் அத்தனையும் ஒரு முடி பிசிறாம அப்படியே இருக்கு, அமுதாதான் ஒண்ணுலயும் இல்ல.