சுகந்தியின் பழைய டிஸ்க்

நான்தான் அழித்தேன். கை தவறி அல்ல, தெரியாமல் அல்ல... தெரிந்தே, வேண்டுமென்றே அழித்தேன்!

முகத்தைச் சுளிக்காதீர்கள். உங்கள் இரக்கமும் வேண்டாம், உபதேசமும் வேண்டாம். கேட்டுவிட்டுப் போங்கள், போதும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு வார்ப்புகள் செய்யும் ஒரு கம்பெனியில் கணினிப் பிரிவு என் பொறுப்பு. அலுவலக லேப்டாப்புகள் ஆமை வேகத்தில் ஓடியதால் எல்லாவற்றுக்கும் புது டிஸ்க் மாற்றச் சொன்னார்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக விண்டோஸ் ஏற்றி மாளாது. அதனால் ஒரே ஒரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஏற்றி, அதை நகல் எடுக்கும் பெட்டியின் முதல் ஸ்லாட்டில் செருகுவேன். மற்ற ஸ்லாட்டுகளில் புது டிஸ்க்குகள். பொத்தானை அழுத்தினால் அத்தனையும் முதலாவதைப் போலவே ஆகிவிடும். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று அந்தப் பெட்டி கேட்காது, அதன் மேலேயே எழுதிவிடும்.

கழற்றிய பழைய டிஸ்க்குகளில் ஆள் பெயரை ஒட்டி, கொஞ்ச நாள் அலமாரியில் வைத்திருப்பது எங்கள் வழக்கம். யாருக்காவது ஏதாவது விட்டுப்போயிருந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டுமே!

சுகந்தி தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயிலேறி வருவாள். “சார், என் டெஸ்ட் ரீடிங் எல்லாம் பழைய டிஸ்க்லதான் கீது. காப்பி பண்ண டைம் இல்ல. பத்திரமா வெச்சிருங்க சார்” என்றாள். வைத்திருக்கிறேன் என்றேன். அப்போது என் மனதில் கள்ளம் இல்லை.

மறுநாள் அவளுடைய லேப்டாப் சோதனை இயந்திரத்தோடு இணையவே இல்லை. அதற்கான மென்பொருளை ஏற்ற நான் மறந்துவிட்டேன். என் தப்புதான்! ஆனால் அதை அவள் எங்கே வைத்துச் சொன்னாள் தெரியுமா? கேன்டீனில், சாப்பாட்டு வரிசையில், எல்லார் முன்னாலும்!

“இவரு இன்னா பண்ணிக்கினு கீறாரு தெரியுமா? ஒரே சோத்த எல்லார் டப்பாலயும் அடைச்சிட்டுப் போய்க்கினே கீறாரு. உனக்கு இன்னா வேணும்னு ஒரு வார்த்த கேக்கல!”

சிரித்தார்கள். பரிமாறுபவன்கூடக் கரண்டியைப் பிடித்தபடி சிரித்தான். நானும் சிரித்தேன்... உள்ளே பற்றி எரிந்தது.

அன்று மாலை, மீதி டிஸ்க்குகளை நகல் எடுக்க உட்கார்ந்தேன். ஒரு ஸ்லாட் காலியாக இருந்தது. அலமாரியைத் திறந்து, அவள் பெயர் ஒட்டிய டிஸ்க்கை எடுத்துச் செருகினேன். அழுத்தினேன். நிறுத்தியிருக்கலாம்... நிறுத்தவில்லை. டீ குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஒரு நிம்மதி! உங்களுக்கு அப்படி ஒரு நிம்மதி வந்ததே இல்லையா? பொய் சொல்லாதீர்கள்.

பழைய ஃபைல்கள் போனால் கொஞ்சம் அழுவாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பிறகுதான் வாடிக்கையாளர் ஒரு லோடையே திருப்பி அனுப்பினார். வார்ப்புகளில் விரிசல்! டிஸ்க் மாற்றுவதற்கு முன்பே சுகந்தி சோதித்து, தேறாது என்று சொன்ன சரக்கு அது. ரிப்போர்ட் அச்சாகும்வரை பொறுக்காமல் லாரியில் ஏற்றியவர் உற்பத்தி மேலாளர். இப்போது அவர், தேறிவிட்டது என்று அவள்தான் சொன்னாள் எனச் சாதித்தார். அவளுக்கு இருந்த ஒரே சாட்சி, அந்தப் பழைய டிஸ்க்.

ஓடி வந்தாள். “அத்தக் குடுங்க சார். அது மட்டும் இருந்தா போதும், அவரு மூஞ்சிக்கு நேரா காட்டுவேன்!”

“டிஸ்க் செத்துப்போச்சும்மா” என்றேன். “மாட்டினா எடுக்கவே மாட்டேங்குது.”

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம்! ஆனால் என் வேலை போயிருக்கும். அதனால் அவள் வேலை போகட்டும் என்று விட்டுவிட்டேன். கோழை என்கிறீர்களா? அதைவிட மோசமாகவே என்னை நான் திட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பங்கு தேவையில்லை.

மீட்டுத் தருவதாக நாடகம் வேறு ஆடினேன். தினமும் என் அறை வாசலில் வந்து நிற்பாள். “கெடைச்சுதா சார்?” “பாத்துக்கினே கீறேம்மா...” கடைசியில் அவளை நிறுத்திவிட்டார்கள். விரிசல் விட்ட சரக்கைத் தேறிவிட்டது என்று அனுப்பியவள் என்ற பேர் பரவி, இந்தத் தொழிற்பேட்டையில் வேறெங்கும் அவளைச் சேர்க்கவில்லை.

போன மாதம் பொன்னேரி ஸ்டேஷனில் எதிரே வந்தாள். ஒதுங்கப் பார்த்தேன், அதற்குள் கண்டுகொண்டாள். கூட வந்த கணவரிடம் என்னைக் காட்டினாள்.

“இவருதாங்க அந்த சார். அத்தினி பேர்ல எனக்காகக் கஷ்டப்பட்டவரு இவரு ஒருத்தருதான்.”

அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், அவள் தன் பையிலிருந்து ஒரு பொட்டலம் இறாலை எடுத்து என் கையில் திணித்தாள்.

அப்போது அவளை வெறுத்தேன்... கேன்டீனில் வெறுத்ததைவிட அதிகமாக! ஒரு தடவையாவது என்னைச் சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா, இந்தப் பைத்தியக்காரி?

பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி தொக்கு வைத்தாள். பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

நானும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.