காய்ச்சிய மோரித் தண்ணீர்

ஆடுகோடியில் லாரிப் பட்டறையில் வேலை செய்தபோது ஜாக்கி நழுவி என் வலது காலை நசுக்கியது. எலும்பு கூடியது, புண் ஆறவில்லை. ஊசி மாற்றி ஊசி போட்டார்கள். புண்ணில் புகுந்திருந்த கிருமி எதற்கும் மசியவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார் பெரிய டாக்டர். ஓர் ஊரில் சேர்ந்தாற்போல ஒரு வருஷம் தங்கியிராதவன் நான். கால் போனால் எனக்கு என்ன மிச்சம் என்று யோசிப்பதற்குள் காய்ச்சல் வந்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

காய்ச்சலில் வார்டு மிதந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்தின் நிழல் சுவரில் அலையாக ஏறி இறங்கும். கட்டில் மெல்ல நகர்ந்து ஒக்கலிபுரம் ரயில் பாலத்தடியில் போய் நிற்கும். தலைக்கு மேல் ரயில்கள் சத்தமில்லாமல் கடக்கும்.

பரிசோதனைக் கூடத்து டாக்டரம்மா ஒருநாள் கட்டிலருகே உட்கார்ந்தார். கிருமியைத் தின்னும் கிருமி உண்டு, பேஜ் என்று பெயர், சாக்கடையில்தான் அதிகம் கிடைக்கும் என்றார். ஆஸ்பத்திரிச் சாக்கடையில் கிடைத்தவை என் கிருமியைத் தொடவில்லையாம். வேறு பேட்டைச் சாக்கடைத் தண்ணீர் வேண்டும். அதுவரை அறுவையைத் தள்ளிவைக்கச் சொல்லியிருந்தார்.

நீலசந்திராவில் இருந்த என் அக்கா ஒரு பாட்டிலில் கொண்டுவந்தாள். பார்க்கத் தெளிவாகவே இருந்தது. சோதித்ததில் ஒன்றும் இல்லை. எங்கே எடுத்தது என்று டாக்டரம்மா விசாரித்தார். வீட்டுக்குப் பின்னால் ஓடும் மோரியில்தான் என்றாள் அக்கா. சாக்கடைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர்.

"எடுத்து என்ன பண்ணீங்க?"

"மருந்துக்குன்னீங்களே மேடம். அப்படியே எப்படித் தர்றது? நல்லா கொதிக்க வெச்சு, துணியில வடிகட்டி எடுத்தாந்தேன்."

நோயாளிக்கு என்றால் எங்கள் வீட்டில் காய்ச்சாத தண்ணீர் கிடையாது. நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் திட்டியதையும் சொன்னாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். கொதித்தால் நமக்கு வேண்டியதும் சேர்ந்து செத்துவிடும் என்று விளக்கினார்.

"அந்த எழவ உசுரோட வேற கொண்டாரணுமா?" என்று அக்கா என்னைப் பார்த்தாள். "வர்றேன், இரு."

மறுநாள் கறுப்பாக ஒரு பாட்டில் வந்தது. சில நாள் கழித்து டாக்டரம்மா ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார். புகை படிந்ததுபோல் என் கிருமி அதில் படர்ந்திருந்தது. நடுநடுவே, மேகத்தில் விழுந்த ஓட்டைகள் மாதிரி, தெளிந்த பொட்டுகள். அங்கெல்லாம் பேஜ்கள் அதைத் தின்று தீர்த்திருந்தன. அவற்றைப் பெருக்கி, சுத்தம் செய்து, தினமும் புண்ணில் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். குளிர்ச்சியாக இருக்கும். கண்ணை மூடினால் நீலசந்திராவின் சமையலும் சலவையும் மழையும் என் காலுக்குள் இறங்கி ஓடும்.

சீழ் குறைந்தது, காய்ச்சல் விட்டது. பெரிய டாக்டர் கட்டை அவிழ்த்து, சிவந்து வளரும் சதையை நெடுநேரம் பார்த்தார். கால் இருக்கட்டும் என்றார். எல்லாருக்கும் இப்படி ஆகுமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். தெரியாது என்றார்.

அடுத்த முறை அக்கா ஒரு பையில் என் செருப்பைக் கொண்டுவந்தாள், இரண்டையும். போட்டுப் பார்த்தேன். வலது கால் இளைத்துப்போய் செருப்புக்குள் ஆடியது.

"ஓடிப்போறதுக்கு முன்னாடி ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.