மணலில் நின்ற மகள்

எங்கள் மகள் பிறந்தபோதே கைகால் துவண்டுதான் இருந்தாள். தூக்கினால் ஈரத்துணி போலத் தோளில் கிடப்பாள். எங்கள் ஊர் செந்துறைக்குப் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "அவங்க அப்பன் மாதிரி. சோறுன்னாத்தான் எந்திரிப்பா" என்றாள் என் நாத்தனார். நானும் சிரித்தேன்.

இரண்டு வயதாகியும் உட்காரவில்லை. அரியலூரில் பஸ் மாறி, பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம்.

"சொந்தத்துல கட்டினீங்களாம்மா?"

"தாய்மாமன் மவனத்தான் சார்" என்றேன். எங்கள் பக்கம் அது பெருமை. அந்த நேரத்திலும் அது என் குரலில் இருந்தது.

சோதனைகள் முடிந்தபின் அவர் மெதுவாகச் சொன்னார்: "இது பரம்பரையா வர்ற தசை நோய்ம்மா. உங்க ரெண்டு பேருக்குள்ளயும் மறைஞ்சிருந்தது புள்ளைக்கு வந்திருக்கு. குணமாக்க மருந்து இல்ல. சளி பிடிக்காமப் பாத்துக்குங்க. மூச்சுதான் முக்கியம்."

மருந்து இல்லை என்று ஒருவர் சொன்னால், இருக்கிறது என்று சொல்ல எங்கள் தெருவில் பத்துப் பேர் உண்டு. மகளுக்கு நாலு வயதானபோது எதிர்வீட்டு அக்கா வந்தார். "குழி வெட்டி, புள்ளைய அதுல நிறுத்தி மணலப் போடுடி. எங்க வூட்டுப் பெரியவன் அப்படித்தான் நடந்தான்." நடக்கத் தாமதமாகும் பிள்ளைகளுக்கு இங்கே வழக்கமாகச் செய்வதுதான்.

என் வீட்டுக்காரர் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறார். ஷிப்ட் முடிந்து வந்த வெள்ளைத் தூசியோடேயே கொல்லையில் குழி வெட்டினார். இடுப்புவரை மணல் போட்டால் மகள் சாய்ந்தாள். நெஞ்சுவரை போட்டோம். நின்றாள்!

தரைக்கு மேலே தலையும் தோளும்தான் தெரிந்தன. ஆனாலும், "அத்தை, நான் நிக்கிறேன் பாருங்க!" என்று கத்தினாள். நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மணலை அள்ளியதும் மகள் என் கையில் சரிந்தாள். மறுநாளும் அப்படியே. அதன் மறுநாளும். கால் தேறவில்லை, ஆனால் விடிந்ததும், "குழிக்குப் போலாம்மா" என்பாள்.

மழைக்காலத்தில் சளி பிடித்து, மூச்சு வாங்கியது. மறுபடி பெரம்பலூர். குழியைப் பற்றிச் சொன்னதும் டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "மூச்சு விடுற தசையும் இவளுக்கு வலுவில்லம்மா. நெஞ்ச மணல் அமுக்கினா எப்படி இழுப்பா? இனிமே வேணவே வேணாம்."

வீட்டுக்கு வந்த அன்றே என் வீட்டுக்காரர் குழியை மூட மண்வெட்டியை எடுத்தார். மகளை உள்ளே படுக்க வைத்துவிட்டுச் செய்யலாம் என்றேன். கேட்காமல் அழுதாள், அழுதால் இருமல் வந்தது. மடியில் வைத்துக்கொண்டு கொல்லைப்படியில் உட்கார்ந்தேன்.

அவர் எங்கள் பக்கம் திரும்பாமல் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தவள் பதறிப்போனாள்.

"அம்மா, நான் இன்னும் உள்ள போவல. அப்பா மறந்துட்டு மணலப் போடுறாரு. சொல்லும்மா!"